சிறுமீனின் பெயர் அறிதல்

நுழையும்முன்

கடலடியில் நீந்திச் செல்லும் ஒருவர், இதுவரை கண்டிராத விந்தைத் தோற்றமுடைய சிறுமீன் ஒன்றைப் பார்க்கிறார். அதன் பெயரை எவ்வாறு அறிவது? காண்பதைக் கூர்ந்து நோக்குதலும், நோக்கியதைச் சொல்லில் வடித்தலும் அறிவியலுக்கும் மொழிக்கும் பொதுவான பயிற்சிகள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் தொடங்கி மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகள் வரை அப்பயிற்சியைப் பின்தொடர்கிறது இப்பாடம்.

அயிரையின் கண்ணடி முள்

மழைக்காலம் முடிந்து கண்மாய்கள் நிறைந்திருக்கும் நாள்களில் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்தைகளுக்கு அயிரை வரும். உயிரோடு துள்ளும் அம்மீனை வாங்கிச் சென்று கல்லுப்பிட்டு உரசிக் கழுவிக் குழம்பு வைப்பர். சங்க இலக்கியத்திலேயே இடம்பெற்றுவிட்ட பெயர் இது. ஆயினும் அயிரையின் கண்ணுக்குக் கீழே, இரு கூராகப் பிளந்த ஒரு நுண்முள் மடங்கிக் கிடக்கிறது என்பதைப் பார்த்தவர் சிலரே. பகை நெருங்கும்போது அம்முள் நிமிரும். விரல் நீளம்கூட இல்லாத மீனுக்கு அதுவே படைக்கலம்.

அயிரையைப் போலவே மெலிந்து நீண்டு, மீசை முளைத்து, மணலில் ஒட்டிக் கிடக்கும் வேறு மீன்கள் மலையோடைகளில் உண்டு. உடலில் குறுக்குப் பட்டைகள் கொண்ட அவற்றையும் அயிரை என்றே பலர் அழைப்பர். அவற்றுக்குக் கண்ணடி முள் இல்லை. அயிரைக்கு மீசை நான்கு இணை. அவற்றுக்கு மூன்று இணை. இவை அறிவியலில் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவை. கைக்குள் அடங்கும் மீனிலேயே இவ்வளவு குழப்பம் நேருமாயின், மூச்சுக்கருவியின் துணையோடு கடலடியில் சில நொடிகளே காணக் கிடைக்கும் மீனைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

மலைநீர் சேரும் கடல்

செண்பகத்தோப்புச் சரிவுகளிலும் அய்யனார் அருவிப் பகுதியிலும் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி வைப்பாற்றுப் படுகையைச் சேர்கிறது. சாத்தூரைக் கடந்துவரும் வைப்பாற்றோடு அர்ச்சுனா ஆறு இருக்கன்குடியில் கூடுகிறது. பின்னர் விளாத்திகுளம் வழியே சென்று வைப்பாறு கலப்பது மன்னார் வளைகுடாவில்தான். எனவே மலையடி ஊர்களில் வாழும் மாணவர்க்கும் இக்கடல் அயலான கடலன்று. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த பவளத்திட்டுகளையும் உள்ளடக்கிய பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இவ்வளைகுடாவின் ஓரத்தில், இராமநாதபுரம் மாவட்டச் சேதுக்கரையை ஒட்டிய கடற்புல் பரப்பில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தினர் நீருக்கடியில் ஆய்வு நடத்தினர். தரையில் பாசி படர்ந்த ஏதோ ஒன்று கிடந்தது. அது மீனா, மடிந்த பவளத்தின் எலும்புக்கூடா என்பது முதற்பார்வையில் விளங்கவில்லை. சில நிமிடங்கள் உற்றுநோக்கியபின் அளவுகோல் ஒன்றால் அதனைத் தொட்டனர். உடனே அந்தப் 'பவளக்கூடு' தன் துடுப்பை விரித்தது. உள்ளே பளீரென்ற மஞ்சள் நிறம் மின்னியது. வெளுத்துக் கிடந்த தோல், புள்ளிகள் கலந்த பழுப்பாக மாறியது. அது 'ஸ்கார்பீனாப்சிஸ் நெக்லெக்டா' என்னும் தேள்மீன். இந்தியக் கடற்பரப்பில் அது உயிரோடு காணப்பட்டது அதுவே முதன்முறை என்று 2020இல் அந்நிறுவனம் தெரிவித்தது. 'நெக்லெக்டா' என்னும் இலத்தீன் சொல்லுக்குக் 'கவனிக்கப்படாதது' என்று பொருள். பெயரிட்டவர் எதை எண்ணி இட்டாரோ, பெயர் பொருந்திவிட்டது.

இந்நிகழ்ச்சியில் நாம் மனங்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அம்மீனின் உடல் நிறம் சில நொடிகளில் மாறிவிட்டது. அந்நிறத்தைக் குறித்துக்கொண்டு நூலைப் புரட்டியவர் எந்த முடிவுக்கும் வந்திருக்க இயலாது. கூனல் முதுகுடைய தேள்மீன்கள் சில உள்ளன. அவை ஒன்றையொன்று அச்சொட்டாக ஒத்திருப்பவை. அவற்றைப் பிரித்தறிய உதவுவது மார்புத்துடுப்பின் உட்புறத்தில் மறைந்துள்ள கரும்பட்டையும் புள்ளிகளுமே. எளிதில் தெரிவது ஏமாற்றுகிறது. மறைந்திருப்பது அடையாளம் காட்டுகிறது. தேள்மீனின் முதுகு முள்களில் நஞ்சுண்டு என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பெயர் தெரியாத மீனைக் கையால் தொடுதல் எவர்க்கும் ஆகாது.

நீர் செய்யும் மாயம்

கடலடியில் கண்ணை ஏமாற்றுவன மீன்கள் மட்டுமல்ல, நீரும் ஏமாற்றும். ஒளிவிலகல் பற்றி இயற்பியலில் படித்திருப்பீர்கள். நீரின் ஒளிவிலகல் எண் 1.33. தட்டையான கண்ணாடி முகமூடி அணிந்து நீருக்குள் பார்க்கும்போது, பொருள் உள்ள தொலைவில் முக்கால் பங்கிலேயே அது இருப்பதாகத் தோன்றும். அளவும் மூன்றில் ஒரு பங்கு கூடித் தெரியும். 6 செ.மீ. மீன் 8 செ.மீ. மீனாகிவிடும். கரைக்கு வந்து சொல்லும்போது அது 10 செ.மீ. ஆவது நீரின் குற்றமன்று.

நிறத்தின் நிலை இன்னும் மோசம். சூரிய ஒளியிலுள்ள சிவப்பை நீர் விரைவில் உறிஞ்சிக்கொள்கிறது. 10 மீட்டர் ஆழத்துக்குள் சிவப்பு பெரும்பாலும் மங்கிவிடும். செக்கச் சிவந்த மீனும் அங்கே சாம்பல் அல்லது பழுப்பு நிறமாகவே தெரியும். கைவிளக்கின் ஒளி பட்ட அக்கணமே அதன் உண்மை நிறம் வெளிப்படும். முத்துக்குளித்தோரும் சங்குகுளித்தோரும் ஒரே மூச்சில் இறங்கி ஏறிய காலத்தில் இவற்றையெல்லாம் நின்று பார்க்க நேரமில்லை. 1943இல் பிரான்சில் கூஸ்தோவும் காஞனும் உருவாக்கிய மூச்சுக்கருவி வந்தபின்னரே, மனிதர் ஒரு மீனின் எதிரே பல நிமிடங்கள் அசையாமல் நிற்க முடிந்தது. ஆனால் நேரம் கிடைத்தால் போதாது; எங்கே பார்ப்பது என்று தெரிய வேண்டும்.

துடுப்பே முகவரி

பயிற்சி பெற்ற கண் முதலில் துடுப்புகளைத் தேடும். முதுகு, மார்பு, இடுப்பு, குதம், வால் என ஐவகைத் துடுப்புகள் மீனுக்கு உண்டு. அவற்றில் எது இருக்கிறது, எது இல்லை, எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பனவற்றை மீன் எளிதில் மாற்றிக்கொள்ள முடியாது. துடுப்பைத் தாங்கும் கம்பிகளிலும் இருவகை உண்டு. கெட்டியாகக் குத்துவது முள். வளைந்து கொடுப்பது கதிர். மீனியல் நூல்கள் ஒவ்வோர் இனத்துக்கும் இத்தனை முள், இத்தனை கதிர் என்று எண்ணிக் குறிப்பதன் காரணம் இதுவே.

பாறை இடுக்கிலிருந்து எட்டிப் பார்க்கும் சிறுமீன் ஒன்றைக் காண்கிறோம் என்று கொள்வோம். பெரிய கண், மழுங்கிய தலை, தரையோடு ஒட்டிய வாழ்க்கை. அது உளுவையாக இருக்கலாம். பிளென்னி என்னும் பாறையிடுக்கு மீனாகவும் இருக்கலாம். முதுகுத்துடுப்பு முன்னும் பின்னுமாக இரண்டாய்ப் பிரிந்திருந்தால் பெரும்பாலும் அது உளுவை. ஒரே துடுப்பாகத் தலை தொடங்கி வால் வரை ஓடினால், கண்ணுக்கு மேலே மயிர்க்கற்றை போன்ற நீட்சிகளும் இருந்தால், பிளென்னி. உளுவைக் குடும்பத்தில் மட்டும் ஏறத்தாழ 2,000 இனங்கள் உள்ளன. முதல் பார்வையிலேயே குடும்பத்தைச் சரியாகக் கணித்துவிட்டால், 35,000க்கு மேற்பட்ட மீனினங்களுள் தேட வேண்டிய சுமையில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

உளுவையின் இடுப்புத்துடுப்புகள் இரண்டும் இணைந்து ஒரு கிண்ணமாக மாறியிருக்கும். அலையடிக்கும் பாறையில் அக்கிண்ணத்தால் பற்றிக்கொள்ளும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் வழுக்குப் பாறையைப் பற்றி நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும் சிறுமீன்களைப் பார்த்திருப்பீர்கள். 'கார்ரா' என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை அவை. அவற்றின் பற்றுறுப்பு வாய்க்குக் கீழே, மோவாயில் அமைந்துள்ளது. இரண்டும் செய்யும் வேலை ஒன்று. வேலைசெய்யும் உறுப்பு வேறு. உறவைக் காட்டுவது உறுப்பே.

வாழிடமும் நடத்தையும் இதற்கு அடுத்த சான்றுகள். மணல் தரையில் ஒரு வளை. வளையின் வாயிலில் உளுவை ஒன்று காவல் இருக்கிறது. உள்ளிருந்து ஓர் இறால் மணலை வாரிக் கொண்டுவந்து வெளியே கொட்டுகிறது. அந்த இறாலுக்குப் பார்வை மிகக் குறைவு. ஆதலின் தன் உணர்கொம்பு ஒன்றை எப்போதும் உளுவையின் மேல் வைத்திருக்கும். உளுவை வாலை அசைத்தால் இரண்டும் வளைக்குள் மறையும். வீடு கட்டுவது ஒன்று, காவல் காப்பது மற்றொன்று. இக்காட்சியைக் கண்டவர் அம்மீனின் நிறத்தை மறந்தாலும், உளுவைகளுள் எந்தப் பிரிவில் அதைத் தேடவேண்டும் என்பதை அறிவார். அவ்வாறே, தலைகீழாகச் செங்குத்தாய் நின்று கூட்டமாக நீந்தும் கத்தி போன்ற மீனுக்கு, அந்த நீச்சல் ஒன்றே போதிய அடையாளம்.

வேடதாரிகள்

பவளத்திட்டுகளில் பெரிய மீன்கள் வரிசையில் நின்று வாயைத் திறந்து காத்திருக்கும் இடங்கள் உண்டு. நீல நிற உடலில் கரும்பட்டை ஓடும் சிறுமீன் ஒன்று வந்து, அவற்றின் செவுளிலும் பல்லிடுக்கிலும் உள்ள ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். இதனைத் துப்புரவு மீன் எனலாம். பசித்த மீன்களும் இதனை விழுங்குவதில்லை. இந்திய, பசிபிக் பெருங்கடல்களில் இதே நிறம், இதே பட்டை, இதே நடனம் கொண்ட மற்றொரு மீன் வாழ்கிறது. அது பிளென்னி இனத்தது. நம்பி நிற்கும் மீனிடம் சென்று துடுப்பில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும். நிறத்தை மட்டும் பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றே. வாயைப் பார்த்தவர் ஏமாறார். துப்புரவு மீனின் வாய் முகத்தின் நுனியில் இருக்கும். வேடதாரியின் வாய் முகத்துக்குக் கீழே இறங்கியிருக்கும்.

இன்னொன்று பேத்தை. அச்சுறுத்தினால் நீரை விழுங்கி உருண்டையாக உப்பும் இம்மீனின் நஞ்சு உயிரைக் கொல்லக்கூடியது என்பதை நம் கடற்கரை மக்கள் நெடுங்காலமாக அறிவர். நஞ்சுடைய சிறிய பேத்தை ஒன்றின் முதுகில் கருஞ்சேணம் போர்த்தியது போன்ற பட்டைகள் உண்டு. கிளாத்திக்கு நெருங்கிய உறவான நஞ்சற்ற மீன் ஒன்று அதே பட்டைகளைப் பூண்டு திரிகிறது. தின்ன வருவது, பேத்தை என்று எண்ணி விலகிவிடும். இங்கும் தீர்ப்புச் சொல்வது துடுப்புதான். பேத்தையின் முதுகுத்துடுப்பு வாலருகே சிறிதாக ஒன்றே ஒன்று. வேடம் பூண்ட மீனுக்கோ முதுகுத்துடுப்பின் அடி நீண்டிருக்கும்; அதற்கு முன்னே தனி முள்ளும் இருக்கும்.

குழந்தைப் பருவத்தில் வேறு முகம்

கடலடியில் காணும் விந்தையான சிறுமீன், சிறிய இனம் என்று கொள்ள வேண்டியதில்லை. பெரிய மீனொன்றின் இளமையாகவும் இருக்கலாம். பெர்லின் நகர மருத்துவரும் மீனியலாளருமான பிளாக், 1787இல் மஞ்சள் கோடுகள் நிறைந்த பெரிய மீன் ஒன்றை விளக்கி, 'பேரரசன்' என்னும் பொருளில் 'இம்பரேட்டர்' என்று பெயரிட்டார். அவர் 1799இல் மறைந்தபின், அவர் தொடங்கிய நூலை சினைடர் 1801இல் நிறைவுசெய்து வெளியிட்டார். அதில், கருநீல உடலில் வெண்வளையங்கள் கொண்ட மீன் ஒன்று நிக்கோபாரின் பெயரால் தனி இனமாக இடம்பெற்றது. அது அதே பேரரசனின் குழந்தைப் பருவம் என்று பின்னர்த் தெளிந்தது. பார்த்தவர்மேல் குறை சொல்வதற்கில்லை. கோடுகளும் வளையங்களும் ஒரே மீனின் இரு பருவங்கள் என்று யார்தான் நினைப்பார்?

இதனினும் வியப்பானது விலாங்கின் கதை. கடலில் கண்ணாடி இலை போன்ற, தட்டையான, உள்ளே முள் தெரியும் உயிரி ஒன்று நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தது. அதற்கென்றே தனிப் பேரினம் வகுத்து 'லெப்டோசெபாலஸ்' என்று பெயரும் இட்டிருந்தனர். 1890களில் இத்தாலிய அறிஞர் கிராசியும் அவருடைய துணைவரும் அவ்வுயிரியை வளர்த்துப் பார்த்தபோது அது விலாங்குக் குஞ்சாக உருமாறியது. நம் ஆறுகளிலும் நீர்நிலைகளிலும் வாழும் விலாங்குகளும் கடலில் பிறந்து, இலையாக மிதந்து, ஆற்றின் வழியே உள்நாட்டுக்கு ஏறிவந்தவையே. கடலடியில் இரவில் கைவிளக்கொளியில் மிதக்கும் அந்தக் கண்ணாடி இலையைக் காண்பவர், ஆற்றுமீன் ஒன்றன் குழந்தையைக் கண்டவர் ஆவார்.

கடற்குதிரையும் சங்காயக் குவியலும்

விந்தைத் தோற்றமுடைய சிறுமீன் என்றவுடன் பலர் நினைவுக்கும் வருவது கடற்குதிரை. குதிரைத் தலை, குரங்கு வால், உடலெங்கும் எலும்பு வளையங்கள். இருந்தும் அது மீனே. செவுளால் மூச்சுவிடுகிறது, முதுகில் சிறு துடுப்பை அசைத்து நகர்கிறது. வால்துடுப்பு இல்லை, மாறாக வாலால் கடற்புல்லைப் பற்றிக்கொள்கிறது. பெண் இடும் முட்டைகளை ஆண் தன் வயிற்றுப் பையில் சுமந்து குஞ்சு பொரிக்கிறது. இதற்கு உறவான ஆவிக்குழல் மீனிலோ முட்டையைச் சுமப்பது பெண். அதன் இடுப்புத்துடுப்புகளே பையாக மாறியுள்ளன.

நம் கடலில் கடற்குதிரைகள் ஒரே இனமாக இல்லை. இருக்கும் இடத்துக்கேற்ப மஞ்சளாகவும் கருப்பாகவும் மாறிக்கொள்ளும் உயிரிக்கு நிறம் எந்த முகவரியும் தராது. உடல் வளையங்களை எண்ண வேண்டும். தலையுச்சியிலுள்ள முடியின் வடிவத்தையும் முகக்குழலின் நீளத்தையும் முள்களின் கூர்மையையும் பார்க்க வேண்டும். முதுகோரத்தில் மூன்று கரும்புள்ளிகள் தெரிந்தால், அப்புள்ளிகளாலேயே பெயர்பெற்ற இனமாக அது இருக்கலாம். அப்புள்ளிகள் சிலவற்றில் தெரியாமலும் போகும்.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கடற்குதிரைகளும் அவற்றின் குடும்பத்து மீன்களும் 2001இல் கொண்டுவரப்பட்டன. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். எனினும் இழுவலைக்கு இனம் தெரியாது. விலைபோகும் மீனைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் சிறுமீன் குவியலை இராமேசுவரம் பகுதியில் 'சங்காயம்' என்பர். அது கோழித்தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் செல்லும். எத்தனையோ இனங்களின் குஞ்சுகளும், எவரும் பெயர் கேட்காத சிறுமீன்களும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. கணக்கேட்டில் 'இதர' என்று எழுதப்பட்ட ஓர் உயிர் அடுத்த ஆண்டு வராமற்போனாலும், அதன் இன்மை எந்தக் கணக்கிலும் தெரியாது.

பவளத்திட்டிலும் இதே நிலைமைதான். கடல்நீர் அளவுக்கு மீறி வெப்பமடைந்ததால் மன்னார் வளைகுடாப் பவளங்கள் 2010இலும் 2016இலும் வெளிறின. பவள உயிரிகளையே கொறித்துண்டு வாழும் வண்ணத்துப்பூச்சி மீன்கள் உண்டு. உணவு மடிந்தால் அவை என்னவாகும்? எந்தத் திட்டிலிருந்து எந்த மீன் போயிற்று என்னும் வினாவுக்கு விடை சொல்ல வேண்டுமானால், முன்பு அங்கே எந்த மீன் இருந்தது என்பதைப் பிழையின்றி எழுதி வைத்த ஒருவர் இருந்திருக்க வேண்டும். ஒரு மீனின் பெயரை ஒன்றுக்கு மற்றொன்றாக எழுதிவைப்பது, எழுதாமல் விடுவதைவிடத் தீங்கானது என்பேன். ஏனெனில் இல்லாத மீனை அது இருப்பதாகக் காட்டிக்கொண்டே இருக்கும்.

தமிழ்ப்பெயரும் அறிவியல் பெயரும்

மேலே சொன்ன பிளாக் தமிழகத்துக்கு வந்தவர் அல்லர். தரங்கம்பாடியில் வாழ்ந்த கிறித்தவ ஊழியர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்பவர் அவருக்கு மீன்களை அனுப்பிவைத்தார். நன்றியாகப் பிளாக் ஒரு மீன் பேரினத்துக்கு 'ஜானியஸ்' என்று பெயர் சூட்டினார். நாம் கத்தாளை என்று அழைக்கும் மீன்களுள் பல இப்பேரினத்தவை. மீனோடு பெயரும் கப்பலேறிற்று. கடற்பாசியை மேயும் ஓரா என்னும் மீனுக்கு 1801ஆம் ஆண்டு நூலில் இடப்பட்ட 'ஓராமின்' என்னும் அறிவியல் பெயர் 'ஓரா மீன்' என்பதன்றி வேறில்லை. இன்று அப்பெயர் வழக்கிழந்து, அதற்கு முந்திய பெயர் ஒன்று நிலைபெற்றுவிட்டது. ஆயினும் நெடுங்காலம் உலக நூல்களில் அது வழங்கிவந்தது. சென்னைப் படைப்பிரிவில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை வெளியிட்ட 'இந்திய மீன்கள்' என்னும் பெருநூலும் மீன்களின் உள்ளூர்ப் பெயர்களைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் குறித்துச் செல்கிறது.

நம் முன்னோர் இட்ட பெயர்களில் கூர்ந்த நோக்கு உண்டு. முள்ளுப் பேத்தை என்னும் பெயர் தோலையும், பனையேறிக் கெண்டை என்னும் பெயர் நடத்தையையும் சொல்கின்றன. ஆனால் ஒரே மீனுக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். ஒரே பெயர் பல மீன்களைக் குறிக்கும். அதனால்தான் உலகுக்கு ஒன்றாய் அமைந்த அறிவியல் பெயர் வேண்டியிருக்கிறது. ஒன்று வந்ததால் மற்றொன்று வேண்டா என்பது பொருந்தாது. காரல் என்று கேட்டவுடன் வெள்ளியெனப் பளபளக்கும் தட்டையான சிறுமீன் கண்முன் தோன்றுகிறதே, அந்த வசதியை எந்த இலத்தீன் சொல்லும் நமக்குத் தராது.

பெயருக்குள் மனிதர்களும் இருக்கிறார்கள். பொருநை பிறக்கும் மலையிலுள்ள கன்னிகட்டியின் பெயரால் சிறு கெண்டை ஒன்று 2003இல் அறிவியலுக்கு அறிமுகமாயிற்று. அவ்வகைக் கெண்டைகளுக்கென 2012இல் 'திராவிடியா' என்னும் பேரினப் பெயர் இடப்பட்டது. ஆனால் அப்பெயர் முன்னரே ஒரு பூச்சிக்குச் சூட்டப்பட்டிருந்ததால், விதிப்படி அதனைக் கைவிட்டு 2013இல் 'ஹலுடாரியா' என்று மாற்றினர். ஹலுதார் என்பவர் வங்காள இளைஞர். 1822இல் வெளிவந்த கங்கை மீன்கள் பற்றிய ஹாமில்டனின் நூலுக்குப் படம் வரைந்தவர். வரைந்த கைக்கு இருநூறு ஆண்டுகள் கழித்துக் கிடைத்த மதிப்பு இது.

எழுதி வைத்தல்

படம் வரைதல் இன்றும் சிறந்த வழி. திறமையாக வரைய வேண்டும் என்பதில்லை. துடுப்பு எங்கே தொடங்குகிறது என்று தாளில் கோடு இழுக்க முற்படும்போதுதான் அதனை நாம் பார்க்கவில்லை என்பது தெரியவரும். கடலடியில் இறங்குவோர் நெகிழித் தகட்டில் கரிக்கோலால் எழுதுவர். ஒளிப்படக் கருவி இருப்பின், மீனின் பக்கவாட்டுத் தோற்றத்தைத் துடுப்புகள் விரிந்திருக்கும் கணத்தில் எடுக்க முயல்வர். முன்னிருந்து எடுத்த படம் அழகாக அமையலாம்; இனங்காணப் பெரிதும் உதவாது.

"பவளத்தின் அருகே அழகிய நீலமீன் கண்டேன்" என்னும் குறிப்பால் பயனில்லை. "ஆழம் 4 மீட்டர், மணல் தரையில் வளை, வளையில் இறால், நீளம் ஏறத்தாழ 6 செ.மீ., நீருருப்பெருக்கம் கழித்தது, முதுகுத்துடுப்பு இரண்டு, முன்னது உயர்ந்தது, வாய் முகநுனியில், தரையை விட்டு எழவில்லை, காலை 10 மணி" என்னும் குறிப்பில் நிறம் இல்லை. ஆயினும் இதைப் படிக்கும் மீனியலாளர், எந்த ஊரில் இருந்தாலும், தேடத் தொடங்கிவிடலாம். நல்ல உரைநடைக்கும் இதுவே இலக்கணம் என்று தமிழாசிரியன் என்ற முறையில் ஒரு சொல் சேர்த்துக்கொள்கிறேன். அழகிய என்னும் அடைமொழி, பார்த்தவரின் மனத்தைச் சொல்கிறது, மீனைச் சொல்லவில்லை.

இப்போது கைப்பேசிச் செயலிகள் படத்தைப் பார்த்தவுடன் பெயர் சொல்கின்றன. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் படத்தைப் பதிவேற்றினால், உலகின் பிற பகுதிகளில் உள்ள ஆர்வலரும் அறிஞரும் பார்த்துக் கருத்துரைப்பர். இவை பயனுள்ளவை. செயலி தரும் முதற்பெயரை மட்டும் ஒரு குறிப்பாகவே கொள்ள வேண்டும். அம்மீன் நம் கடலில் வாழ்வதாக முன்பு பதிவாகியுள்ளதா, துடுப்புகளின் எண்ணிக்கை ஒத்துவருகிறதா, அந்த ஆழத்தில் அது வாழுமா என்று கேட்டபின்னரே பெயரை ஏற்கலாம். ஐயம் இருப்பின் இனப்பெயரை விடுத்துக் குடும்பப்பெயரோடு நிறுத்துவது நேர்மை. 'உளுவை வகை' என்று எழுதுவதில் இழுக்கு ஏதுமில்லை.

மாணவர்கள் இதற்கெனக் கடலில் இறங்க வேண்டியதில்லை. தேசியப் பூங்காவின் தீவுப் பகுதிக்குள் செல்ல வனத்துறையின் இசைவு வேண்டும். மூச்சுக்கருவியுடன் மூழ்கவோ முறையான பயிற்சி வேண்டும். மீன்சந்தையும் மழைக்காலக் கண்மாய்க் கரையும் எல்லார்க்கும் திறந்தே உள்ளன. கெளுத்திக்கு மீசை எத்தனை, விராலின் முதுகுத்துடுப்பு எங்கே தொடங்குகிறது, உளுவையின் அடிவயிற்றுக் கிண்ணம் எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பழகிய கண், கடலடியிலும் அவற்றையே தேடும்.

எந்த நூலோடும் ஒத்துவராத மீன் அகப்படுவதும் உண்டு. அப்போது படம் மட்டும் போதாது. முறையான இசைவு பெற்ற ஆய்வாளர் அம்மீனைச் சேகரித்து, முள்ளையும் கதிரையும் செதிலையும் எண்ணி, மரபுக்கூற்றையும் ஆராய்ந்து, உறவினங்கள் ஒவ்வொன்றோடும் ஒப்பிடுவர். புதிய இனம் என்று உறுதியானால் விளக்கம் எழுதிப் பெயரிடுவர். அவ்விளக்கத்துக்கு அடிப்படையான மாதிரி, 1916இல் நிறுவப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வகம் போன்ற நிறுவனங்களின் காப்பகத்தில் எண்ணிட்டு வைக்கப்படும். இன்னும் நூறாண்டு கழித்து அதே மீனைக் கடலடியில் காணும் ஒருவர் ஐயுற்றால், அந்தக் கண்ணாடிக் குடுவையைக் கேட்டு வாங்கித் துடுப்புக் கதிர்களை மீண்டும் எண்ணிப் பார்க்கலாம்.